வடக்கே வெதநாட்டான் மேடு

ராயக்கோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கும் தக்காளி மண்டிக்கும் நடுவில்
இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
முனிவெங்கடப்பா பாகப்பிரிவினையில்
'வெதநாட்டான் மேட்டுக்குத் தெற்கு' என்று எழுதினேன்.
தாய்ப்பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது.
அதை எழுதியவர் அதற்கும் தாயைப் பார்த்திருப்பார்.
யாரோ வேதம் படித்தவர் என்றார்கள்,
வேற்று நாட்டான் என்றும் சொன்னார்கள்.
மழை தப்பின வருடம்
மேட்டிலிருக்கும் கல்லுக்கு ஒரு கோழி உண்டு.

போன மார்கழியில் சார்பதிவாளருக்கு ஒரு கடிதம்.
'பழைய எழுத்து உங்க இலாகா' என்று
என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

எட்னா வெதர்நாட், வயது எண்பத்தொன்று,
கல்யாணம் செய்துகொள்ளவில்லை.
அந்தக் குடும்பப் பேரில் பூமியில் மிச்சம்
தான் ஒருத்திதான் என்கிறார்.
கோட்டைப் பட்டாளத்துக் குதிரைகளுக்கு
லாடம் அடிக்க வந்த ஜோனஸ் வெதர்நாட்
காய்ச்சலில் போனாராம், உங்கள் ஊரில்தான்,
கல் ஏதும் நிற்கிறதா?

பேரின் பொருளும் எழுதியிருந்தார்.
வெதர் என்றால் காயடித்த கிடா.
நாட் என்றால் மொட்டைக் கரடு.
வடக்குச் சீமையில் கிடா மேய்ந்த ஒரு கரட்டடியில்
குடிசை போட்டிருந்தவனை
வரி வாங்க வந்த கணக்கன்
இடத்தின் பேராலேயே எழுதிக்கொண்டு போனான்.
டீ குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது.
காயடித்த கிடாவின் பேரை வைத்துக்கொண்டு
எழுநூறு வருடம் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்!

அப்புறம் ஒரு காது மந்தமான கோயில் குமாஸ்தா
கடைசி டி ஒன்றைத் தின்றுவிட்டான்.
ஒரு டி வீட்டார் தனிப் பங்காளிகள் ஆனார்கள்,
ஓர் ஆலைக்காக வழக்காடினார்கள்,
நூறு வருடம் சாவுக்கும் போகவில்லை.
'நாங்கள் இரண்டு டி' என்று
எட்னா அடிக்கோடு போட்டிருந்தார், இரண்டு முறை.

சிரிக்க எனக்கென்ன யோக்கியதை.
மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது
சர்நேம் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று
கிருஷ்ணகிரி ஏஜெண்ட் என் பேரைத் தட்டிவிட்டான்.
இன்று துபாய் கிடங்கில் அவனை
மிஸ்டர் மாதப்பன் என்கிறார்கள்.
பேத்தியும் அங்கே பிறந்து மாதப்பன் ஆகிவிட்டாள்.
தொப்பையும் சர்க்கரையுமாக
இங்கே உட்கார்ந்திருக்கும் நான்
ஒரு வம்சத்தின் கரடு.

சனிக்கிழமை மேட்டுக்குப் போனேன்.
மேடு இல்லை.
ஜேசிபி வழித்த செம்மண்ணில் மஞ்சள் கல் நட்டு
மனைப்பிரிவுக்குக் கொடி கட்டியிருந்தார்கள்.
வாட்ச்மேன் தொட்டியருகே ஒரு பலகைக்கல்,
அதன்மேல் சோப்பு நுரையோடு ஒரு லுங்கி.
துணியை நகர்த்தச் சொல்லி
விரலை விட்டுத் தடவினேன்.
ஜோனஸ் இருந்தார். கிடா இருந்தது.
கரட்டின் முனையில் துவைத்துத் துவைத்து
ஒரு டி போயிருந்தது.
கடல் தாண்டி வந்து படுத்தவரை
எங்கள் ஊர் சவுக்காரம்
பங்காளி வீட்டில் சேர்த்துவிட்டது.

திங்கட்கிழமை பதினாலாம் மனைக்குக் கிரயம்.
வடக்கே இருபத்துமூன்று அடி ரோடு,
அது போதும் என்றார் புரமோட்டர்.
போதும்தான்.
'முன்பு வெதநாட்டான் மேடு' என்று
அரை வரி கூட்டி அடித்தேன்.
அதற்கு எழுத்துக்கூலி கேட்கவில்லை.

ராத்திரி எட்னாவுக்குப் பதில் எழுதினேன்.
கல் இருக்கிறது.
தண்ணீர் வசதியுள்ள இடம்.
தினமும் ஆள் புழங்குகிறது.
பேர் தெளிவாகத் தெரிகிறது,
இரண்டு டி.